கூட்டுனா எட்டு வர்ற இன்ஜின்

உக்காருங்க தம்பி. சாவி எங்கீங்க போயிருது, இந்தா என்ர கையிலதான இருக்குது. காங்கயத்துல இருந்து பஸ் ஏறி வந்திருக்கறீங்க, ஒரு டம்ளர் மோர் குடிச்சுட்டு அப்புறம் வண்டியப் பாக்கலாம். சுகந்தி, தம்பிக்கு மோர் கொண்டா. என்ர சம்சாரங்க. அவதான் உங்களுக்குப் போன்ல வழி சொன்னது. இந்த வண்டிய விக்கறதுக்கு என்னைய விட அவளுக்குத்தான் அவசரம்.

நான் ஒண்ணு மொதல்லயே சொல்லிப்போடறனுங்க. 'சிங்கிள் ஓனருங்க, டாக்டரு ஓட்டுன வண்டிங்க'ன்னு கதை அளக்கற ஆளு நானில்ல. என்ன குறை இருக்குதோ அத்தனையும் சொல்லித்தான் குடுப்பேன். நாளைக்கு நீங்க நடுரோட்டுல நின்னுட்டு, சென்னிமலைக்காரன் ஏமாத்திப்போட்டான்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாது. பத்துத் தறி வெச்சிருக்கறேன். சென்னியப்பன்னு கேட்டீங்கன்னா இந்த வட்டாரத்துல தெரியாத ஆளு கெடையாது.

ஏன் விக்கறீங்கன்னு போன்ல கேட்டீங்க. அதுக்கு மொதல்ல மோகனசுந்தரத்தப் பத்திச் சொல்லோணும்.

மோகனசுந்தரம் என்ர சகலைங்க. சுகந்தியோட தங்கச்சி வளர்மதியக் கட்டுனவரு. வெள்ளோட்டுல கணக்கு வாத்தியாரு. நல்ல மனுசன். நான் அவரக் குறை சொல்ல மாட்டேன். யாரைக் கேட்டாலும் நல்ல மனுசன்னுதான் சொல்றாங்க, அதச் சொல்றதுக்குன்னே ஊருல பாதிப்பேரு இருக்கறாங்க.

இந்த வண்டிய வாங்கோணும்னு மொதல்ல முடிவு பண்ணுனது நானுங்க. மூணு மாசம் யோசிச்சு, நாலு வண்டிய ஓட்டிப் பாத்து, சின்ன வண்டின்னா இந்த மாடல்தான், கலருன்னா இந்த வெள்ளிக் கலருதான்னு முடிவு பண்ணி, ஒரு திங்கக்கெழமை ஈரோடு போயி புக் பண்ணுனேன். அன்னைக்கே மாமனாரூட்டுல சொன்னேன். வியாழக்கெழமை மோகன் போயி அதே மாடல், அதே கலரு புக் பண்ணிட்டு வந்து நிக்கறாரு. ஏனுங்க இப்படின்னு கேட்டா, 'நீங்க பாத்து எடுத்தா சரியாத்தான் இருக்கும்ணா, நான் எதுக்கு இன்னொருக்கா அலையோணும்'ங்கறாரு. பாத்தியா, அண்ணன் மேல எத்தனை மரியாதைன்னு மாமியா பூரிச்சுப் போயிட்டாங்க. மரியாதைங்களா அது? மூணு மாசம் நான் மண்டைய ஒடைச்சுக்குவனாம், அவரு மூணு நாள்ல வந்து பக்கத்துல நிப்பாராம்.

சரி, போகட்டும். ரெண்டு வண்டியும் ஒரே லாரில வந்து எறங்குச்சு. ஒரே நாள் டெலிவரி. ஷோரூம்ல ரெண்டுக்கும் மாலை போட்டு, பொட்டு வெச்சு, பக்கத்துல பக்கத்துல நிறுத்தியிருந்தாங்க. பேப்பர்ல கையெழுத்துப் போடறதுக்கு முன்னால நான் இன்ஜின் நம்பரப் பாத்தேன். நம்பர் பிளேட்டுல எட்டு வரக்கூடாதுன்னு எல்லாரும்தான் பாப்பாங்க. நான் அதுக்கும் ஒரு படி மேல போயி இன்ஜின் நம்பரையே கூட்டிப் பாத்தனுங்க. எனக்குன்னு எழுதியிருந்த வண்டிக்குக் கடைசி நாலு நம்பரு மூணு, ஒண்ணு, நாலு, ஒம்பது. கூட்டுனா பதினேழு. ஒண்ணும் ஏழும் எட்டு. எட்டுன்னா சனி. மோகன் வண்டிக்கு மூணு, ஒண்ணு, அஞ்சு, அஞ்சு. பதினாலு. ஒண்ணும் நாலும் அஞ்சு. அஞ்சு புதனுங்க, யாவாரக்காரனுக்கு அதை மாதிரி நம்பரு அமையாது.

மாத்திக்கலாமான்னு கேட்டேன். அவரு ஒரு நிமிசம் யோசிச்சிருக்கலாமல்லங்க? ஏன், எதுக்குன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமல்ல? கேக்கல. 'எடுத்துக்கங்ணா, எனக்கு எதா இருந்தா என்ன'ன்னாரு. கணக்கு வாத்தியாருங்க, கூட்டத் தெரியாதா அவருக்கு? ஷோரூம் புள்ளயும் பேப்பர மாத்தி எழுதிக் குடுத்துருச்சு. எட்டு வந்த வண்டில ஏறி, எலுமிச்சம்பழத்த நசுக்கிட்டு, வளர்மதியோட சிரிச்சுப் பேசிட்டே வெளிய போனாரு. அப்ப எனக்குப் பாவமாத்தான் இருந்துச்சு. நெசமாத்தான் சொல்றேன். சனியப் புடிச்சு இந்த மனுசன் தலையில கட்டிப்போட்டமேன்னு ரெண்டு நாள் சரியாச் சோறு எறங்கல.

மூணாவது நாள்ல இருந்து எறங்குச்சு.

மோர்ல உப்பு பத்துதுங்களா? கொஞ்சம் தூக்கலாத்தான் இருக்கும். இங்க தண்ணியே உப்புங்க.

ஆறாம் மாசம் ஆரம்பிச்சுது. காலைல ஸ்டார்ட் பண்ணி, ஓட்டாம நின்னாப்லயே விட்டா வண்டி உதறும். மூணு சிலிண்டர் வண்டின்னா லேசா உதறத்தான் செய்யும்ங்கறாங்க. இது லேசு இல்லீங்க, குளிருல நனைஞ்ச ஆட்டுக்குட்டி மாதிரி உதறும். அப்புறம் டாஷ்போர்டுல இன்ஜின் படம் போட்ட மஞ்ச லைட்டு எரிய ஆரம்பிச்சுது. சர்வீஸ்ல காட்டுனா, ஏதோ காயில் போயிருச்சுங்கறாங்க, மாத்தறாங்க, பத்து நாள் எரியாது, மறுபடியும் எரியும். ஓட்டற நேரம் பூரா அந்த லைட்டத்தான் கண்ணு பாக்குது. மனசு பதறுதுங்க. அதனால அது மேல ஒரு சின்னப் பிள்ளையார் ஸ்டிக்கர ஒட்டிட்டேன். இப்ப லைட்டு எரிஞ்சா பிள்ளையாருக்குப் பின்னால ஒளிவட்டம் மாதிரித் தெரியும். நீங்களே பாப்பீங்க, நல்லாத்தான் இருக்கும்.

அப்புறம் ஆயில் குடிக்க ஆரம்பிச்சுது. அப்புறம் ஏ.சி. போட்டுட்டு மேடு ஏறுனா இழுவை இல்ல. அப்புறம் உள்ள இருந்து ஒரு கடகட சத்தம், செயின் சத்தம்னாங்க. பத்துத் தறிக்கு நடுவுல நிக்கறவன் நான், எனக்குச் சத்தம் புதுசில்ல. ஆனா இந்தச் சத்தம் மட்டும் நேரா நெஞ்சுக்குள்ள கேக்கும்.

இதெல்லாம் எனக்கு மட்டும் இல்லீங்க. இந்த மாடல் ஓனருங்களுக்குன்னு வாட்சப்புல ஒரு குரூப்பு இருக்குது, நானூத்திச் சொச்சம் பேரு. திண்டுக்கல்லுல ஒரு வக்கீலுக்கு இதே உதறல். கரூர்ல ஒரு அம்மாவுக்கு இதே மஞ்ச லைட்டு. தேனிக்காரர் ஒருத்தரு வண்டி சூடாகி நின்னுட்டுதுன்னு போட்டோ போடுவாரு. காலைல கண்ணு முழிச்சா மொதல்ல அதத்தான் பாப்பேன். யாருக்காச்சும் புதுசா ஒண்ணு வந்திருந்தா மனசுக்கு ஒரு ஆறுதல் பாருங்க, காப்பி குடிச்ச மாதிரி. அவங்க என்னென்ன சொல்றாங்களோ அத்தனையும் என்ர வண்டில இருக்குது. நானும் வாய்ஸ் போட்டுச் சொல்லுவேன். நாலு நிமிசம், அஞ்சு நிமிசம் பேசுவேன். அங்க எனக்கு நல்ல பேருங்க.

மோகனையும் அந்தக் குரூப்புல சேத்துவிட்டேன். எதுக்குன்னு கேக்காதீங்க, அவருக்கும் ஏதாச்சும் இருக்கும், வெக்கப்பட்டுச் சொல்லாம இருக்கறாருன்னு நெனச்சேன். அன்னைக்கு மத்தியானமே எழுதறாரு, 'எனக்கு வண்டில ஒரு பிரச்சனையும் இல்லீங்க, நன்றி'ன்னு. எழுதிட்டுக் குரூப்ப விட்டு வெளிய போயிட்டாரு. அதுல ஒரு நன்றி வேற. நானூறு பேரு லைட்டு எரிஞ்சு கெடக்கறோம், இவரு நன்றி சொல்லிட்டுப் போறாரு.

எனக்கு அப்பத்தான் சுருக்குன்னுச்சு. அந்த இன்ஜின் யாருதுங்க? எனக்குன்னு எழுதி வந்தது. என்ர பேருல பேப்பர்ல இருந்தது. நானாத் தூக்கி இன்னொருத்தன் கையில குடுத்துட்டு, அவன் அனுபவிக்கறதப் பாத்துட்டு நிக்கறேன்.

பெருந்துறை ரோட்டுல ஷெரீப் பாய்னு ஒரு மெக்கானிக்கு. கைராசிக்காரரும்பாங்க. அவருகிட்டக் கொண்டுபோயி, 'பாய், இன்ஜினே இதுதானா, பிறவியே இப்படியா, சொல்லுங்க'ன்னேன். அவரு பானெட்டத் தொறந்து ஏர் பில்டர வெளிய எடுத்து என்ர மூஞ்சிக்கு நேராக் காட்டறாரு. 'இதுல இருக்கற பஞ்சுல ரெண்டு பெட்ஷீட்டு நெய்யலாம், வண்டிய எங்க நிறுத்தறீங்க'ங்கறாரு. தறிக்கூடத்துச் சொவத்தோரம், அங்கதான் நெழலு. அப்புறம் ரேடியேட்டர்ல என்ன ஊத்தறீங்கன்னாரு. போர் தண்ணிதான், வேற என்ன ஊத்துவாங்க? நம்ம குடிச்சே நாப்பது வருசமா உசுரோட இருக்கறோம், இரும்புக்கு என்ன கேடு? பாய் சிரிச்சாரு. நக்கலு புடிச்ச மனுசன். அப்புறம் அவருகிட்டப் போகல.

ஒரு தடவ மாமனாரூட்டுல விருந்து. சாப்பிட்டுட்டு எல்லாரும் கண்ணசந்துட்டாங்க. வாசல்ல ரெண்டு வண்டியும் நிக்குது. மோகன் சாவிய ஜன்னல்லயே வெச்சிருந்தாரு. நான் அந்த வண்டியோட பானெட்டத் தொறந்து, ஆயில் பாக்கற கம்பிய உருவிப் பாத்தனுங்க. தேன் மாதிரி இருக்குது ஆயிலு. வாங்கி ரெண்டு வருசமாச்சு, தேன் மாதிரி. மோந்து பாத்தேன், கருகுன வாசம்கூட இல்ல. ஸ்டார்ட் பண்ணி, பானெட்டு மேல தண்ணி டம்ளர வெச்சேன். தண்ணி அசையல. நான் அந்த டம்ளரையே பாத்துட்டு நிக்கறேன், பின்னால மாமனார் நின்னுட்டு இருக்கறாரு. 'என்ன மாப்ள, வண்டி மாறிப்போச்சுங்களா'ங்கறாரு. ஆமா மாமா, மாறித்தான் போச்சுன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. தண்ணியக் குடிச்சுட்டு உள்ள போயிட்டேன்.

காப்பரிச்சை லீவுல ரெண்டு குடும்பமும் மைசூரு கெளம்பினோம். ரெண்டு வண்டி. எனக்கு ஒரே புள்ளைங்க, இலக்கியா, ஏழாவது படிக்கறா. பண்ணாரியில சாமி கும்பிட்டுட்டு மலை ஏறறோம். மோகன் முன்னால ரெண்டாவது கியர்லயே மெதுவா, பொத்துனாப்ல ஏறிட்டு இருக்கறாரு. எனக்குப் பொறுக்கல. பெரியவன் பின்னால வர்றேன், சின்னவன் முன்னால போறதாங்க? ஒரு வளைவுல ஒடிச்சுத் திருப்பி முந்திட்டேன். இலக்கியா சித்தப்பாவுக்கு டாட்டா காட்டறா. அப்படியே மிதிச்சுட்டுப் போறேன், ஏ.சி. ஓடுது, பதினோராவது வளைவுல முன்னால இருந்து குபுகுபுன்னு பொகை. நிறுத்துனா ரேடியேட்டரு கொதிக்குது.

பின்னாலயே மோகன் வந்து நின்னாரு. எறங்குன உடனே என்ன சொல்லுவாருன்னு பாத்தேன். முந்தறப்பவே சொன்னேன்னு ஏதாச்சும் சொல்லியிருந்தாக்கூடத் திட்டியிருப்பேன், மனசு ஆறியிருக்கும். 'அண்ணா, பொம்பளைங்களையும் புள்ளையையும் மேல திம்பத்துல எறக்கிவிட்டுட்டு வந்தர்றேன், மூடியத் தொறந்துராதீங்க'ன்னாரு. சுகந்தியும் இலக்கியாவும் அந்த வண்டில ஏறிக்கிட்டாங்க. புள்ள பின்னாடிக் கண்ணாடி வழியா எனக்கு டாட்டா காட்டுது தம்பி. அதுக்கு என்ன தெரியும், வெளையாட்டு. ஏ.சி. காத்துல உக்காந்துட்டுச் சிரிச்சுட்டே டாட்டா காட்டுது. நான் சூட்டு வண்டி பக்கத்துல, கொரங்குங்களுக்கு நடுவுல. என்ர வண்டில, எனக்குன்னு வந்த வண்டில, என்ர புள்ளைய இன்னொருத்தன் கூட்டிட்டுப் போறான். வயிறு எரிஞ்சுது. ஒளிக்கறதுக்கு என்ன இருக்குது, எரிஞ்சுது.

அரை மணி நேரத்துல திரும்பி வந்தாரு. கையில பச்சையா கூலன்ட் டப்பா. ஆற வெச்சு, பொறுமையா ஊத்துனாரு. 'நம்மூரு போர் தண்ணி இதுக்கு ஆகறதில்லீங்ணா'ங்கறாரு. ஊருத் தண்ணிய வேற குறை சொல்லியாச்சு. அவரு வண்டி டிக்கில எப்பவும் அந்த டப்பா இருக்குமாம். எதுக்கு இருக்குது? அவரு வண்டிதான் சூடே ஆகாதே? எனக்குன்னுதான வாங்கி வெச்சிருக்கறாரு? நான் நிப்பேன்னு எதிர்பாத்துத்தான வாங்கி வெச்சிருக்கறாரு? நீங்களே சொல்லுங்க.

மைசூர்ல ரெண்டு நாளும் நான் யாரோடயும் பேசல. திரும்பி வந்ததும் மோகன் போன் பண்றாரு. 'அண்ணா, ஒரு மாசத்துக்கு வண்டிய மாத்தி ஓட்டிப் பாப்பமா? உங்குளுக்கு மனசுல இருக்கறது தெளிஞ்சிரும்'னாரு. சுகந்திதான் தங்கச்சிகிட்டச் சொல்லியிருக்கோணும். நான் ரோசக்காரன், வேண்டாம்னுதான் சொல்ல நெனச்சேன். சரின்னு சொல்லிட்டேன்.

வந்துச்சுங்க, என்ர வண்டி. மூணு, ஒண்ணு, நாலு, ஒம்பது. வெடியால எந்திரிச்சு சாவியத் திருப்புனா பூன மாதிரி இருக்குது. லைட்டு இல்ல, சத்தம் இல்ல. தறிக்கூடத்துக்கிட்ட நிறுத்தல, வேப்பமரத்தடில தார்ப்பாய் போட்டு நிறுத்துனேன். இலக்கியாவ ஸ்கூலுக்கு நானே கொண்டுபோயி விட்டேன். மொத வாரம் ராசா மாதிரி இருந்தேன்.

ரெண்டாவது வாரத்துல ஒரு மாதிரி ஆயிருச்சு. எப்படிச் சொல்றது. குரூப்புல போயி எழுதறதுக்கு ஒண்ணும் இல்ல. தேனிக்காரரு வண்டி மறுபடி நின்னு போச்சுன்னு போடறாரு, நான் என்னத்தச் சொல்ல? சும்மா உக்காந்து மோகன் போன் பண்ணுவாருன்னு பாத்துட்டே இருந்தேன். என்ர உதறல் வண்டி அவருகிட்டத்தான இருக்குது. நின்னிருக்கும், கொதிச்சிருக்கும், ஸ்கூல் வாசல்ல நாலு பசங்க தள்ளியிருப்பாங்க. இப்பவாச்சும் தெரிஞ்சிருக்கும் நான் பட்ட பாடு. சோத்துல கை வெச்சா போன் அடிச்ச மாதிரி இருக்கும். அடிக்கல. பொறுக்க மாட்டாம நானே கூப்பிட்டேன். எப்படி ஓடுதுங்கன்னேன். 'நல்லா ஓடுதுங்ணா'ன்னாரு. பழனி போயிட்டு வந்தாங்களாம். நல்லா ஓடுதாம்.

அன்னைக்குச் சாயந்திரமே வெள்ளோட்டுக்குப் போனனுங்க. ஸ்கூல் விடற நேரம். வாசல்ல என்ர வண்டி நிக்குது. கழுவித் தொடைச்சு, பளபளன்னு. என்கிட்ட இருந்த மாத்துச் சாவில தொறந்து உள்ள ஏறித் திருப்பறேன், ஒரே தடவைல புடிச்சுக்குச்சு. உதறல் இல்ல. டாஷ்போர்டப் பாக்கறேன், பிள்ளையாரு இல்ல. ஸ்டிக்கர உரிச்சுட்டாரு. லைட்டும் எரியல. அவரு வந்து, 'பில்டரு மாத்துனேன், ரேடியேட்டர உப்புப் போகக் கழுவிவிட்டேன், வேற ஒண்ணும் பெருசா இல்லீங்ணா, நல்ல வண்டி'ங்கறாரு. சிரிச்சுட்டே சொல்றாரு. எட்டு வந்த வண்டியும் அவருக்கு ஓடுது, அஞ்சு வந்த வண்டியும் அவருக்கு ஓடுது.

கேட்டுப்போட்டேன். 'என் வண்டில இருந்து என்னத்தடா கழட்டுனே'ன்னு கேட்டுப்போட்டேன்.

சுத்தியும் பசங்க. அவரு பாடம் எடுக்கற பசங்க. ரெண்டு டீச்சரம்மா. நாங்க சகலைங்க இத்தனை வருசத்துல வாங்க, போங்கதான். பன்னெண்டு வருசத்துல ஒரு நாள்கூட 'நீ'ன்னு வந்ததில்ல. அவரு என்ர வண்டிச் சாவிய என்ர கையில குடுத்துட்டு, அவரு வண்டிச் சாவிய வாங்கிட்டு, பசங்களைப் பாத்து, 'வீட்டுக்குப் போங்கடா'ன்னாரு. அவ்வளவுதான். அவரு திருப்பி ரெண்டு வார்த்தை பேசியிருந்தா அது அன்னைக்கே தீந்திருக்கும். பேச மாட்டாருங்க. அதுதான் அவரோட வேலையே.

அன்னையில இருந்து வளர்மதி போன் பண்றதில்ல. அக்காளும் தங்கச்சியும் தெனம் காலைல பேசுவாங்க தம்பி. என்ன கொழம்புன்னு ஆரம்பிச்சா ஒரு மணி நேரம் ஓடும். நான்கூடச் சத்தம் போடுவேன், அப்படி என்னதான் பேசறீங்கன்னு. இப்ப மூணு மாசமாச்சு. இவ கூப்பிட்டாலும் அவ எடுக்கறதில்ல. வளர்மதிதான் எங்கியோ சொல்லியிருக்கறா, அந்த வண்டி அவங்க வாசல்ல நிக்கற வரைக்கும் நான் அந்த வீட்டுப் போன எடுக்க மாட்டேன்னு. என்ன புடிவாதம் பாருங்க. நான் கேட்டது அவ புருசன, அவளை இல்லையே?

சுகந்தி அழுதிருந்தாலும் சமாளிச்சிருப்பேன். அழுகல. ஒரு நாள் சோறு போட்டுட்டே சொல்றா, 'வண்டி எடுத்த நாள்ல இருந்து நீங்க ரோட்டையே பாக்கல, பக்கத்து வண்டியத்தான் பாத்துட்டு ஓட்டறீங்க. அத வித்துப்போடுங்க. எனக்கு என்ர தங்கச்சி வேணும். இல்லைன்னா நான் புள்ளையக் கூட்டிட்டு அம்மா வீட்டுக்குப் போறேன், அங்கியாச்சும் அவளப் பாத்துக்குவேன்'னு. பதினஞ்சு வருசத்துல அவ என்கிட்ட எதையும் கேட்டதில்லீங்க. நகை கேட்டதில்ல, பொடவை கேட்டதில்ல. அதனாலதான் வண்டிய விக்கறதுன்னு போட்டோ போட்டது. அவளே எடுத்துப் போட்டா. நீங்க கூப்பிட்டதும் அவ மூஞ்சியப் பாத்திருக்கோணும்.

அவ்வளவுதானுங்க கதை. வாங்க, வண்டியப் பாருங்க. இந்தாங்க சாவி.

மறுபடியும் பழைய மாதிரி ஆயிருச்சுங்க, சொல்லிப்போட்டேன். அவருகிட்ட இருந்து வந்த பத்து நாள்ல உதற ஆரம்பிச்சுது, லைட்டும் எரியுது. புதுப் பிள்ளையாரு ஒட்டியிருக்கறேன். நிறுத்தறது மறுபடி தறிக்கூடத்துக்கிட்டத்தான், வேப்பமரத்தடில காக்கா எச்சம் போடுது. பானெட்டத் தொறக்கறதுன்னா அந்தப் பக்கம் ஒரு கொக்கி. ஆமா, அதுதான். ஏர் பில்டருங்களா? கழட்டிப் பாருங்க, பாருங்க. தட்டுங்க. பஞ்சுதான், பறக்கத்தான் செய்யும். நீங்களும் வேலை தெரிஞ்சவராட்ட இருக்குது.

ஸ்டார்ட் பண்ணுங்க. உதறுதுங்களா? இன்னைக்குக் கொஞ்சம் கம்மி. இல்ல, பில்டரக் கழட்டுனதுல அப்படியிருக்கும். அந்தச் சத்தம் கேக்குதுங்களா, கடகடன்னு? கேக்கலீங்களா? நல்லாக் கேளுங்க.

என்ன சொல்றீங்க? ஒரு நாள் வேலைதானா?

ரேடியேட்டரக் கழுவி, ஆயில மாத்தி, ஒரு காயில் போட்டா போதும்ங்கறீங்க. இன்ஜின் அருமையா இருக்குதுங்கறீங்க. நானூறு பேரு சொல்றாங்களே தம்பி. குரூப்புல காட்டட்டுமா? வேண்டாமா? ஓ, உங்க சம்சாரம் மாசமா இருக்கறாங்களா? ஏழாம் மாசமா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதுக்கா. சரிங்க, நல்லது. வளகாப்புக்கு இதுலயே ஊருக்குக் கூட்டிட்டுப் போவீங்க. பொறக்கற கொழந்தையக் கொண்டாறதும் இதுலதான். ஆமா, பத்து வருசம் தாராளமா ஓடும், நீங்க ஓட்டுனா ஓடும்.

அட்வான்ஸ் குடுத்துடறீங்களா. இருங்க, இருங்க.

கொஞ்சம் எறங்குங்க தம்பி. ஒண்ணும் இல்ல, எறங்குங்க. சாவியக் குடுங்க.

இல்லீங்க, கோவமெல்லாம் இல்ல. நீங்க ஒண்ணும் தப்பாச் சொல்லல. விலையும் பிரச்சனை இல்ல. உங்ககிட்ட நல்லா ஓடும்ங்க. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஓடும், நீங்க போன் பண்ணி நல்லா ஓடுதுங்கன்னு சொல்லுவீங்க. அதை நான் இன்னொருக்காக் கேக்க மாட்டேன். நின்னாலும் கொதிச்சாலும் இங்கியே நிக்கட்டும். பஸ்ஸுக்கு நான் கொண்டுவந்து விடறேன். இதுல வேண்டாம், பைக்குல.

சுகந்தி.

யாருகிட்டப் பேசிட்டு இருக்கற? வளர்மதியா? எடுத்துட்டாளா? மூணு மாசமா எடுக்காதவ, இன்னைக்கு எடுத்துட்டாளா? எதுக்கு அழுகற, சிரிச்சுட்டே எதுக்கு அழுகற? வண்டி போயிருச்சுன்னு சொல்லிட்டியா?

போகலைன்னு சொல்லு.